ஓம் அமுச்சி: பேர்ன் நகரத் தமிழ்ப் பள்ளி ஒன்று, இரண்டு வருடம் போய்ப் பார்த்த பிறகு

இந்தப் பள்ளியை நாங்கள் தேடிப் போகவில்லை. டிராமில் மாட்டிக்கொண்டோம்.

2023 வசந்த காலம், பூம்ப்லிட்ஸ் போகும் 7ஆம் நம்பர் டிராம். எதிர் சீட்டில் பெரிய மீசை வைத்த ஒரு சுவிஸ் தாத்தா குவாசான் தின்றுகொண்டு வந்தார். ஐந்து வயது மகள், "அம்மா, அந்தத் தாத்தா மீசைல பொரி ஒட்டியிருக்கு பாருங்க" என்று டிராமுக்கே கேட்கும்படி சொன்னாள். நான் அதட்டவில்லை. யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். இந்த ஊருக்கு வந்த இரண்டு வருடமாக அந்தத் தைரியத்தில்தான் அம்மாவும் மகளுமாக எல்லோரையும் பற்றிச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு திரிந்தோம். பின்சீட்டில் யாரோ குலுங்கிச் சிரிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினால், நெற்றியில் திருநீறு வைத்த ஒரு வயதான அம்மா. "பிள்ளை, அவருக்கு விளங்காது. எனக்கு விளங்கும்" என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மகள் முகத்தில் இருந்தது வெட்கம் இல்லை, அதிர்ச்சி. இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. இறங்கியதும் கேட்டாள்: "அவங்களுக்கு எப்படி நம்ம வீட்டு பாஷை தெரியும்?"

நம்ம வீட்டு பாஷை. மூன்று வயதில் இங்கே வந்த பிள்ளைக்குத் தமிழ் என்பது அப்பா, அம்மா, போனுக்குள் இருக்கும் அமுச்சி (என் அம்மா), இவ்வளவுதான். நேரில் வேறு யாரும் பேசி அவள் பார்த்ததே இல்லை. டிராம் அம்மா இறங்குவதற்குள் தன் பேரன் போகிற தமிழ் வகுப்பின் இடமும் நேரமும் சொல்லியிருந்தார். அந்த ஆகஸ்டிலேயே சேர்த்தோம். இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து புதிதாக வருகிற அம்மாக்கள் அடிக்கடி கேட்பதால் எழுதிவைக்கிறேன். பள்ளியின் பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அங்கே சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் வாங்காமல் பாடம் நடத்துகிறவர்களை அது நோகடிக்கக் கூடாது.

முதலில் கணக்கு வழக்கு. நகரத்தின் மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தில் இரண்டு அறைகள். புதன்கிழமை பிற்பகல் 2 முதல் 4 வரை. இங்கே சின்ன வகுப்புகளுக்குப் புதன் மதியத்துக்கு மேல் பள்ளி கிடையாது, அதனால் தமிழுக்காக எதையும் விட வேண்டியதில்லை. கட்டணம் வருடத்துக்கு இருநூற்றுச் சொச்சம் பிராங்க், புத்தகம் தனி. சேர்க்கை ஆகஸ்டில் மட்டும். நடுவில் கேட்டால் "வாற வருசம் பாப்பம்" என்பார்கள், கெஞ்சிப் பிரயோசனமில்லை. ‘பிறந்த நாட்டு மொழியும் பண்பாடும்’ என்று சுவிஸ் பள்ளிகள் சொல்லுகிற ஏற்பாட்டுக்குள் வருகிற வகுப்பு இது. இத்தாலியன், துருக்கி, அல்பேனியன் எல்லாவற்றுக்கும் இப்படி உண்டு. வகுப்பை நடத்துவது அந்தந்தச் சமூகம் அல்லது தூதரகம், அரசுப் பள்ளி தன் பங்குக்கு இடம் கொடுத்து உதவுகிறது.

இதற்கு முன் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இந்தப் பள்ளிக்கு இவ்வளவு மார்க் போடுகிறேன் என்று புரியாது. 2022 குளிர்காலத்தில் சென்னையிலிருந்து நடக்கும் ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்த்திருந்தோம். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். ஆசிரியை நல்ல பெண், பொறுமைசாலி. ஆனால் பாடம் முழுக்க ஆங்கிலத்தின் முதுகில் ஏறி வந்தது. திரையில் பூனைப் படம் வரும். "வாட் இஸ் திஸ்? திஸ் இஸ் எ கேட். இன் தமிழ் வி சே பூனை." என் மகளுக்குப் பூனை தெரியும், ஜெர்மனில் ‘கட்ஸெ’ தெரியும். தெரியாதது அந்த ‘கேட்’ மட்டும்தான். மூன்று மாதக் கட்டணத்தில் அவள் கற்றுக்கொண்டது ஏறக்குறைய நாற்பது ஆங்கிலச் சொற்கள்.

வெளிநாடு என்றால் அமெரிக்கா, லண்டன், சிங்கப்பூர் என்றுதான் நம் ஆட்கள் பாடம் தயாரிக்கிறார்கள். ஜெர்மனும் பிரெஞ்சும் நார்வேஜியனும் பேசுகிற தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பது அவர்கள் கணக்கில் வரவே இல்லை. நேரமும் ஒரு தொல்லை. கோடையில் இங்கேயும் அங்கேயும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் நான்கரை. இங்கே மாலை ஐந்து என்றால் அந்த ஆசிரியைக்கு ராத்திரி ஒன்பதரை. கொட்டாவியை அடக்கிக்கொண்டு ‘கேட்’ சொன்னார், பாவம். வீட்டில் ஓட்டிப் பார்க்க மட்டும் போதும் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்கள் இருக்கின்றன. 2001இல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. காசு இல்லை, பாட்டும் கதையும் தமிழிலேயே இருக்கின்றன. தோற்றம் கொஞ்சம் பழசு, பிள்ளைகளுக்கு அது உறைக்கவில்லை.

இன்னொரு தப்பு என்னுடையது. கிண்டர்கார்டனில் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்று, நான் கற்றிருந்த அரைகுறை ஜெர்மனை வீட்டிலும் பேச ஆரம்பித்தேன். பெற்றோர் சந்திப்பில் இதைப் பெருமையாகச் சொன்னபோது ஆசிரியை மெதுவாகத் தலையை ஆட்டினார். உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் பேசுங்கள், கதை சொல்லுங்கள், திட்டுங்கள், ஜெர்மனை எங்களிடம் விடுங்கள் என்றார். என் ஜெர்மனைப் பற்றி அதைவிட நாசூக்காக யாரும் கருத்துச் சொன்னதில்லை.

சரி, பள்ளிக்கு வருகிறேன். ஆசிரியர்கள் எல்லோரும் ஈழத்தமிழர்கள். நாங்கள் தாராபுரம் பக்கம். முதல் நாள் மகளை விட்டுவிட்டுக் கதவோரம் நின்றேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியை, "இஞ்ச வாங்கோ பிள்ளை, இந்தக் கதிரையில இருங்கோ" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்தக் கதிரை, எங்கே இருக்க வேண்டும்? நானும் ஒரு நொடி முழித்துவிட்டுத்தான் நாற்காலியைக் கை காட்டினேன்.

மூன்றாவது மாதம் சின்னத் தேர்வு. படத்தைப் பார்த்துப் பெயர் எழுத வேண்டும். மகள் ‘சேர்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ‘கதிரை’. எனக்குச் சுருக்கென்றது. சேர் தப்பு, சரி. ‘நாற்காலி’ என்று திருத்தியிருக்கலாம் அல்லவா? அடுத்த வாரம் கேட்டேவிட்டேன். ஆசிரியை கோபிக்கவில்லை. "ரெண்டும் சரிதான். நாற்காலி எண்டு எழுதினா வெட்ட மாட்டன். ‘சேர்’ எண்டு எழுதினாத்தான் வெட்டுவன்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஆங்கிலச் சொல் கலக்காமல் ஒரு மணி நேரம் பேச எங்களால் முடியாது, அவரால் முடிகிறது. ‘ஆக்சுவலா’ என்று ஆரம்பிக்காமல் அவரிடம் பேச எனக்கு ஒரு வருடம் ஆனது.

எழுத்திலும் வித்தியாசம் உண்டு. ஆங்கில ‘டி’யில் (T) தொடங்கும் சொற்களை அவர்கள் ‘ர’ போட்டு எழுதுவார்கள். டீச்சர் அங்கே ‘ரீச்சர்’. டிவி ‘ரீவி’. மகள் முதலில் அதை எழுத்துப்படி ரகரமாகவே வாசித்து, "அம்மா, ரீவி போடுங்க" என்றாள். அது அப்படியே எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. இப்போது இவரும் ரிமோட்டைத் தேடும்போது ‘ரீவி’ என்கிறார்.

பெரிய கூத்து வீடியோ அழைப்பில்தான். என் அம்மா தாராபுரத்திலிருந்து, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்க, மகள் "ஓம் அமுச்சி" என்றாள். ரீச்சர் பேச்சில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’. அமுச்சிக்குப் புரியவில்லை. "மந்திரம் எதுக்குச் சாமி சொல்ற, சாப்ட்டியான்னுதான கேட்டேன்?" "ஓம், சாப்பிட்டன்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒறம்பரைச் சனமெல்லாம் போனை வாங்கி வாங்கி ஓம் சொல்லச் சொல்லிக் கேட்டது. எனக்கு முதலில் ஒரு சின்ன வருத்தம் இருந்தது, ஒளிக்கவில்லை. எங்கள் பேச்சு போய்விடுமோ என்று. போகவில்லை. அவள் ஆள் பார்த்துப் பேசுகிறாள். அமுச்சியிடம் ‘அக்கட்டால வையிங்க’, ரீச்சரிடம் ‘அங்கால வையுங்கோ’. டிராம் கிளம்பும்போது மட்டும் எல்லோரிடமும் "கெதியா வாங்கோ". அவசரத்துக்கு அதுதான் நல்ல சொல் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

பேச்சு ஒன்று எழுத்து ஒன்று என்பதை இந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கிண்டர்கார்டனில் எல்லோரும் பேசுவது பேர்ன் வட்டார ஜெர்மன். முதல் வகுப்பில் உட்கார்ந்ததும் ஆசிரியை எழுத்து ஜெர்மனுக்கு, அதாவது ஹோக்டொய்ச்சுக்கு, மாறிவிடுவார். கடைக்காரரிடம் ஒன்று, புத்தகத்தில் இன்னொன்று என்பது இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கம். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ‘நான் பள்ளிக்குச் செல்கிறேன்’ என்று முதல்முறை வாசித்தபோது, "செல்கிறேன்னா போறேன்தான? இது ஹோக்டொய்ச் தமிழா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. ஊரில் என் அக்கா பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது குறைகள். முதல் ஏமாற்றம் இடைவேளை. தமிழ் பேசுகிற பத்துப் பதினைந்து பிள்ளைகள், நம் பிள்ளைக்கு விளையாட்டுத் தோழிகள் கிடைப்பார்கள், தமிழில் சண்டை போடும் என்று கனவு கண்டுகொண்டு போனேன். மணி அடித்ததும் வராந்தாவில் கேட்டது முழுக்க பேர்ன் ஜெர்மன். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பா அம்மாவே இங்கே வளர்ந்தவர்கள். ரீச்சர் ஜன்னலிலிருந்து "தமிழில கதையுங்கோ!" என்று சத்தம் போடுவார். மூன்று நிமிடம் தமிழ் ஓடும், பிறகு பந்து எங்கேயாவது போகும், ஜெர்மன் திரும்பி வரும். பேச்சுக்காக மட்டும் சேர்க்கிறீர்கள் என்றால் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

இரண்டாவது, பேச்சுப் போட்டி. என்னால் இதைப் பொறுக்கவே முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரைப் பக்கம், ‘அவையோரே, ஆன்றோரே’ என்று தொடங்கி. வீட்டில் மூன்று வாரம் அது மட்டும்தான். மகள் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்துப் பரிசும் வாங்கினாள். இறங்கி வந்து, "ஆன்றோர்னா யாரும்மா?" அந்த மூன்று வாரத்தில் நான்கு கதைப் புத்தகம் படித்திருக்கலாம். இதையும் பள்ளியில் சொன்னேன். "மேடைப் பயம் போக வேணும் எல்லோ" என்றார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் நான் மாற மாட்டேன்.

வீட்டுப்பாடம் பார்த்தெழுதுவதாகவே வருகிறது. ஒரே வகுப்பில் ஐந்து வயதும் எட்டு வயதும் உட்கார்ந்திருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பெல்லாம் நான்கு நிமிடக் குரல் பதிவாக வரும், வகுப்பு இல்லை என்கிற விஷயம் மூன்றாவது நிமிடத்தில் இருக்கும். விழா வந்தால் வடை சுட, கதிரை அடுக்க உங்கள் பெயரும் பட்டியலில் இருக்கும். கட்டணம் குறைவு என்பதன் மீதிப் பாகம் அது.

நவம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. முதல் வருடம் நவம்பரில் மகள் ஒரு பூவை வரைந்து கொண்டுவந்தாள். தீ பிடித்த மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக நெளிந்த இதழ்கள். "கார்த்திகைப் பூ. இது உங்களுக்குத் தெரியாது" என்றாள். எனக்கா தெரியாது? எங்கள் ஊரில் அது கண்வலிக்கிழங்கு. மூலனூர், தாராபுரம் பக்கம் காடு காடாகப் பயிரிடுவார்கள். அப்பா தோட்டத்திலும் இரண்டு ஏக்கர் இருந்தது. கம்பி கட்டிக் கொடியை ஏற்றி, பூ விரிகிற பருவத்தில் ஆள் வைத்துப் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்ப்பார்கள். விதையிலிருந்து கோல்சிசின் எடுப்பார்கள், மூட்டு வலிக்கு மருந்து. கிழங்கு விஷம், அந்த வயலுக்குள் எங்களை விடவே மாட்டார்கள். அரசாங்கத்துக்கு அது செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். தேத்தண்ணி பிளாஸ்கோடு வராந்தாவில் காத்திருக்கும் அம்மாக்களுக்கு அது நவம்பர் 27, மாவீரர் நாள். அன்றைக்கு விளக்கு ஏற்றுவார்கள். "யாருக்கு விளக்கு?" என்று மகள் கேட்டாள். "செத்துப்போன அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சிக்கு" என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

நாங்கள் வேலை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறி வந்தவர்கள். வராந்தாவில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறவர்களில் பலர் 1983 கலவரத்துக்குப் பின், போருக்குத் தப்பி வந்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள். ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே இந்த வகுப்புகளைத் தொடங்கியிருக்கிறார்கள். நான் வந்து சேர்ந்து, பேச்சுப் போட்டி சரியில்லை என்கிறேன். சரியில்லைதான். ஆனால் யார் அடுக்கிய கதிரையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன் என்பது எனக்கு மறக்கவில்லை.

பலன் என்ன? இரண்டு வருடத்தில் மகள் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். வேகம் குறைவு. ல, ள, ழ இன்னும் குலுக்கல் சீட்டு மாதிரிதான் விழுகிறது. சில புதன்களில் வகுப்பு முடிந்து ஐரோப்பா பிளாட்ஸில் இறங்கி, ‘சமயங்களின் இல்லம்’ கட்டடத்துக்குப் போவோம். 2014 டிசம்பரில் திறந்த அந்த ஒரே கூரையின் கீழ் மசூதி, தேவாலயம், புத்தர் மடம் எல்லாம் இருக்கின்றன, நம் சிவன் கோயிலும் இருக்கிறது. பூசை தமிழில் நடக்கும். அங்கே அறிவிப்புப் பலகை முன்னால் நின்று அவள் ‘அ…ன்…ன…தா…ன…ம்’ என்று கூட்டி, "அம்மா, இங்க சாப்பாடு இருக்காம்!" என்று கத்தினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாக வாசித்து லாபம் பார்த்த முதல் தமிழ்ச் சொல் அது.

இன்னொன்றும் மாறியது. டிராமில் இப்போது யாரைப் பற்றியும் சத்தமாகப் பேசுவதில்லை. "யாருக்காவது விளங்கும்" என்று என் வாயைப் பொத்துகிறாள்.

சின்னவன் கதை வேறு. இங்கேயே பிறந்தவன், இரண்டரை வயது. அவனுக்கு ஜெர்மன் வீட்டுக்குள்ளேயே அக்கா வழியாக வருகிறது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறான். மூத்த பிள்ளைக்கு நடந்தது இளையதுக்கும் தானாக நடக்கும் என்று நம்பியிருந்தேன், அது நடக்கவில்லை. அவனையும் இங்கேயே சேர்ப்பேனா என்றால், சேர்ப்பேன். ஐந்து வயதுக்குக் காத்திருக்க மாட்டேன், பாலர் வகுப்பிலேயே விடுவேன்.

யார் சேரலாம்? வீட்டில் ஓரளவு தமிழ் பேசும் பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். ஒரு வார்த்தையும் வராத பிள்ளை என்றால் முதல் வருடம் திண்டாடும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும். ‘என் பிள்ளை எங்க ஊர்த் தமிழ்தான் பேசணும்’ என்கிறவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் ஆன்லைனில் ‘கேட்’ படிக்கலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். பேச்சுப் போட்டியை விட்டால் நாலரை.

போன வாரம் மகள் வகுப்புத் தோழி வீட்டுக்கு விளையாடப் போய் வந்தாள். போர்த்துக்கீசியக் குடும்பம், எங்கள் தெருவில் நிறையப் பேர் உண்டு. வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல், "அம்மா, அவங்க வீட்லயும் கதிரைதான்! அவங்க அம்மா ‘கடெய்ரா’ல உட்காருன்னாங்க. அவங்களும் ரீச்சர் ஊரா?" என்றாள். கப்பல், இலங்கைக் கரை என்று எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். நாம் சொல்கிற சாவியும் ஜன்னலும் மேசையும்கூட அவர்களிடமிருந்து வந்ததுதான் என்றேன். நம்பவில்லை. மறுநாள் தோழியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டு வந்தாள். ஷாவ், ஜனேலா, மேஸா. ‘ஜனேலா’வில் லகரம் சரியாக விழுந்திருந்தது. தாள் இப்போது பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. புதன்கிழமை ரீச்சரிடம் காட்ட வேண்டுமாம்.